கட்டப்படாத விமானங்களின் நிறம்

பிளான் படத்துக்கு ஆகாயம் கிடையாது. பக்கவாட்டில், மேலிருந்து, முன்னாலிருந்து என்று மூன்று தோற்றங்கள். கீழே ஒரு அளவுகோல், ஓரத்தில் ஒரு எண். அவ்வளவுதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பது பற்றி அதற்கு அக்கறையில்லை. அதை வைத்துக்கொண்டு, பறக்கிற விமானத்தை வரைய உட்காருகிறவன் முதல் அரைமணியிலேயே சூரியனை எங்கே வைப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். தீர்மானித்த கணமே காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான்.

சில வருஷங்களாக நான் வரைந்துகொண்டிருப்பவை இப்படிப்பட்ட விமானங்கள். 1943-க்கும் 1957-க்கும் இடையில் பிரிட்டனில் ராணுவத்துக்காகத் திட்டமிடப்பட்டு, பறக்காமலே கைவிடப்பட்ட ஜெட் விமானங்கள். பாங்க் வேலை முடிந்து வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிரேஸிங் பேப்பரும் போஸ்டர் கலருமாக உட்காருவேன். பாங்க்கில் ஒரு வகை ஃபைல் உண்டு: கடன் சாங்ஷன் ஆகியிருக்கும், கையெழுத்துகள் எல்லாம் இருக்கும், பணம் மட்டும் கடைசிவரை வாங்கப்பட்டிருக்காது. எங்கள் கிளையிலேயே மிகச் சுத்தமான ஃபைல்கள் அவைதாம். வசூலிக்க ஒன்றுமில்லை, வாராக்கடன் ஆகவும் வழியில்லை. இந்த விமானங்களின்மேல் எனக்கு வந்த ஈடுபாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ என்னவோ.

ஆரம்பம் ஒரு பழைய புத்தகக் கடை. டெரிக் வுட் எழுதி 1975-இல் வந்த ‘ப்ராஜக்ட் கேன்ஸல்ட்’. அது கோபத்தில் எழுதப்பட்ட புத்தகம். ரத்துச் செய்த அரசாங்கங்கள்மீது குற்றப்பத்திரிகை. 2000-லிருந்து டோனி பட்லர் வெளியிட்ட ‘பிரிட்டிஷ் சீக்ரெட் ப்ராஜக்ட்ஸ்’ வரிசையில் அந்தக் கோபம் தணிந்துவிட்டது. ஆவணக் காப்பகங்களில் தேடி எடுத்த வரைபடங்களை நிதானமாக அடுக்கி வைக்கிறார். எனக்கு இவர்தான் உபயோகம். இரண்டுக்கும் நடுவில் ஓவியர்களின் கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது; பறக்காததைப் பறக்கிற மாதிரி தீட்டுவதே அவர்கள் தொழில்.

அந்த ஓவியங்களில் பெரும்பாலானவை மோசமானவை என்பது என் அபிப்ராயம். தொழில்திறன் இல்லாமல் இல்லை. ரிவெட் ரிவெட்டாக வரைகிறார்கள். ஆனால் எப்போதும் சாயங்கால வெளிச்சம், எப்போதும் புது பெயின்ட், எப்போதும் முன்னால் ஓடுகிற ஒரு ரஷ்ய விமானம். ‘இது மட்டும் பறந்திருந்தால்’ என்ற ஏக்கத்தைத் தவிர அவற்றுக்கு வேறு விஷயமில்லை. சாம்ராஜ்யம் போன துக்கத்தை இறக்கைகளின்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நம்மூர் சரித்திர நாவல்களின் அட்டைப்படம் பார்த்தவர்களுக்கு இந்த வியாதி புரியும். அபூர்வமாக ஒருவர் ஈரமான ஓடுபாதையை வரைந்து, விமானத்தை ஒரு டிராக்டர் இழுத்துப்போகிற மாதிரி காட்டுகிறார். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்க் கறை. அங்கே அந்த விமானத்துக்குக் கனம் வந்துவிடுகிறது. நம்புகிறோம்.

கறையையும் யூகித்துத்தான் வரைய வேண்டும். ஆனால் யூகத்துக்கும் ஒழுங்கு உண்டு. மைல்ஸ் எம்.52-ஐ எடுத்துக்கொள்ளலாம். 1943-இல் ஈ.24/43 என்ற குறிப்பின்கீழ் யுத்தகால அரசு கேட்டது: 36,000 அடி உயரத்தில் மணிக்கு 1000 மைல். அப்போது எந்தப் போர்விமானமும் அதில் பாதி வேகத்தை அதிகம் தாண்டியதில்லை. ரெடிங்குக்குப் பக்கத்தில் வுட்லியிலிருந்த மைல்ஸ் கம்பெனி துப்பாக்கிக் குண்டு போல ஓர் உடலை வரைந்தது. மூக்கின் கூம்புக்குள்ளேயே பைலட். இறக்கை சவர பிளேடு மாதிரி மெல்லியது. அந்த இறக்கையை மரத்தில் செய்து ஒரு சின்ன விமானத்தில் மாட்டிப் பரீட்சித்தபோது அதற்கு ‘ஜில்லெட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1946 பிப்ரவரியில் எல்லாம் நிறுத்தப்பட்டது. 1947 அக்டோபர் 14-ஆம் தேதி அமெரிக்காவில் யேகர் பெல் எக்ஸ்-1-இல் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். (மைல்ஸ் கம்பெனி அதே வருஷம் கடனில் மூழ்கியது, விமானத் தொழிலை ஹாண்ட்லி பேஜ் வாங்கிக்கொண்டது. பாங்க் குமாஸ்தாவின் கண் இதில் போய் நிற்பதைத் தவிர்க்க முடியவில்லை.)

எம்.52-க்கு என்ன நிறம்? பளபளக்கும் வெள்ளி நிறத்தில் தீட்டுகிறவர்கள் உண்டு. நான் அடிவயிற்றில் மஞ்சள் அடித்தேன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் முன்மாதிரி விமானங்களுக்குக் கீழ்ப்பக்கம் மஞ்சள். பக்கவாட்டில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற எழுத்து. அழகாயில்லை. சொந்தப் பீரங்கிக்காரன் பயந்துபோய்ச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக அடித்த மஞ்சள் அழகாயிருக்க வேண்டிய அவசியமுமில்லை.

மஞ்சள் வரைக்கும் பிரச்னை எளிது. ஆவ்ரோ 730-இல் நிறம் வேறு மாதிரியான கேள்வியாகிவிட்டது.

730 ஒலியைப் போல் இரண்டரை மடங்கு வேகத்தில் 60,000 அடியில் போக வேண்டிய விமானம். நீண்டு மெலிந்த உடல், முன்பக்கம் ஒரு சிறு இறக்கை, பிரதான இறக்கைகளின் நுனியில் எஞ்சின் கூடுகள். அந்த வேகத்தின் சூட்டில் அலுமினியம் வலுவிழக்கும் என்பதால் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. பைலட்டுக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. நீர்மூழ்கிக் கப்பலில் போல, உள்ளிழுத்துக்கொள்ளக்கூடிய பெரிஸ்கோப் வழியாக வெளியே பார்ப்பார். ஆகவே ஓவியனுக்கு வரைய முகமே இல்லை. மற்ற விமானங்களில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட்டைப் புள்ளி வைத்தால் போதும், மனிதன் வந்துவிடுவான். இதில் அந்தச் சலுகை கிடையாது.

முதலில் கேட்கப்பட்டது வேவு விமானம். ராடாரால் படம் எடுத்துவந்து, வல்கன், விக்டர் போன்ற குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்கைக் காட்டவேண்டும். பிறகு, இதுவே குண்டும் போடட்டும் என்று சேர்த்தார்கள். 1957 ஏப்ரலில் டங்கன் சாண்டிஸின் வெள்ளை அறிக்கை வந்தது. இனி ஏவுகணைகளின் காலம் என்றது அது. 730 போயிற்று, இன்னும் பல திட்டங்களும் அதோடு போயின.

எஃகாகவே விட்டுவிட்டால் என் படத்தில் பறப்பது பார்க்க மட்டும் போகிற விமானம். எஃகின் நிறத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 730-க்கான ஆராய்ச்சியாகத் தொடங்கி, 1962-இல் பறந்த பிரிஸ்டல் 188 என்ற எஃகு விமானத்தின் போட்டோக்கள் கிடைக்கின்றன. சாம்பலில் லேசான நீலம் ஓடுகிறது. தீட்டச் சுகமான நிறம். வெள்ளை அடித்தால் கதை வேறு. அக்காலத்து அணுகுண்டு விமானங்களுக்கு வெள்ளை அடித்தது, தான் போட்ட குண்டின் ஒளியில் தானே கருகாமலிருக்க. ராணுவச் சின்னத்தின் சிவப்பையும் நீலத்தையும்கூட வெளிறச் செய்தார்கள். அடர்ந்த நிறம் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் என்று. ரோஸ் நிறத்துப் பொட்டு, அதைச் சுற்றி இளநீல வளையம். குழந்தைகள் அறைக்குப் பூசுகிற நிறங்கள்.

என் மேஜையில் இரண்டு தூரிகைகள் இருந்தன. எதை எடுப்பது என்பதில் ஒரு வாரம் போயிற்று.

கட்டப்படாத விமானம் யாரையும் கொல்லவில்லை என்பது அதன் கவர்ச்சியில் பெரும்பங்கு என்று இப்போது நினைக்கிறேன். கட்டப்பட்டவற்றின் கதை அப்படியில்லை. டி ஹாவிலண்ட் 108 என்ற வாலில்லாத விமானத்தில் மூன்று செய்தார்கள். மூன்றும் விழுந்தன, மூன்று பைலட்டுகளும் செத்தார்கள். 1946-இல் செத்தவர் கம்பெனி ஸ்தாபகரின் மகன். அந்த விமானத்தில் 1948-இல் ஒலிவேகம் தாண்டிய ஜான் டெர்ரி, 1952 செப்டம்பரில் ஃபார்ன்பரோ கண்காட்சியில் டி ஹாவிலண்ட் 110-ஐ ஓட்டும்போது அது நடுவானில் சிதறிற்று. அவரும் உடனிருந்தவரும் போக, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் 29 பேர். எம்.52-க்கும் 730-க்கும் இந்தக் கணக்கில் பற்று எழுத ஒன்றுமில்லை. அந்த ஓவியர்களின் சாயங்கால வெளிச்சம் இந்தச் சுத்தத்தின்மேல்தான் விழுகிறது.

கவிஞரான ஒரு நண்பர் படங்களைப் பார்த்துவிட்டு, “வெள்ளைக்காரன் போடாத குண்டுக்கு நீங்க ஏன் சார் கலர் அடிச்சிக்கிட்டிருக்கீங்க?” என்றார். நியாயமான கேள்வி. நமக்குச் சம்பந்தமில்லை என்ற அர்த்தத்தில் கேட்டிருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாண்டிஸின் அறிக்கை வந்த அதே 1957-இல் இந்தியா பிரிட்டனிடமிருந்து ஹண்டர்களையும் கான்பெராக்களையும் வாங்க ஒப்பந்தம் செய்தது. 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்குகளின்மேல் பாய்ந்தவை ஹண்டர்கள். அந்த ஹண்டருக்கே ஒலியை மிஞ்சும் தம்பி ஒன்று, ஹாக்கர் பி.1083, கட்டிக்கொண்டிருக்கும்போதே 1953-இல் கைவிடப்பட்டது. அதுவும் என் வரிசையில் இருக்கிறது. ஆனால் நண்பர் கேட்டது அதுவல்ல. போடாத குண்டைப் பற்றிக் கேட்டார்.

நான் வெள்ளையை எடுத்தேன். இரண்டு பூச்சு. எஃகாக விட்டிருந்தால் படம் நன்றாயிருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. வெள்ளை மேல் நிழல் போடுவது கஷ்டம். ஆனால் எஃகு அந்த விமானத்தை ஒரு வடிவமாக மட்டும் பார்க்கச் சொல்கிறது. வடிவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அது எதற்காக என்று கேட்காமல் நழுவுகிற விமர்சனத்தைக் கவிதையிலேயே எனக்குப் பிடிப்பதில்லை.

வெள்ளை அடித்ததும் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. இந்த வகை ஓவியங்களில் விமானத்துக்குக் கீழே எப்போதும் மேகம். நானும் அதுவரை மேகம்தான் போட்டுவந்தேன்; சீக்கிரம் முடியும். இதற்கு மேகம் போடக் கை வரவில்லை. மேலே கிட்டத்தட்டக் கறுத்த நீலம். கீழே வளைந்து போகிற நதி ஒன்று. அதன் இரு கரையிலும் பழுப்பில் நெருக்கமான கோடுகளாகத் தெருக்கள். எந்த ஊர் என்று எழுதவில்லை. ரயில்பாதை மட்டும் பாக்கி. 60,000 அடியிலிருந்து ரயில்பாதை தெரியுமா, தெரிந்தால் எவ்வளவு மெல்லிசாகத் தெரியும் என்று பார்க்க வேண்டும்.