நூத்துல இருந்து ஏழேழா...

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, நாலு வரி அடிச்சு, அழிச்சு, திரும்ப அடிச்சு... இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்கா.

2014-ல ஒரு பைக் விபத்துல எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. எப்படி நடந்துச்சுங்கறதெல்லாம் வேணாம், சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு. பாக்க வந்த அத்தனை பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணையே சொன்னாங்க: "சுதா சந்திரனைப் பாருங்க!" 1981-ல விபத்துல காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் போட்டுக்கிட்டு மறுபடி பரதம் ஆடி, தன் கதையிலயே 'மயூரி'யா நடிச்சவங்க. அவங்க மேல ரொம்ப மரியாதை உண்டு. ஆனா எனக்கு அப்ப பாத்ரூம் போய்ட்டு வர்றதே பெரும்பாடு. இதுல எங்கேர்ந்து டான்ஸ்?

மிச்சமிருக்கற காலுக்கு ஆஸ்பத்திரில ஸ்டம்ப்னு பேரு. (கிரிக்கெட் ஞாபகம் வருதா? எனக்கும் வந்துச்சு. அவுட்!) செயற்கைக் கால் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சிருந்தேன். முதல்ல குடுத்தது ஷூவுக்குன்னு அமைச்ச கால். குதிகால் உயரத்தைக் கணக்குப் பண்ணி கோணம் வச்சிருப்பாங்க. ஷூவைக் கழட்டினா ஆளைப் பின்னால தள்ளும். நம்ம வீட்டுக்குள்ள யாருங்க ஷூ போட்டுட்டு நடக்கறாங்க? அப்புறம்தான் ஜெய்ப்பூர் காலுக்கு மாறினேன். வெறுங்காலோட நடக்க, சம்மணம் போட, குத்த வைக்கன்னே டாக்டர் சேத்தியும் ராம் சந்திர சர்மாங்கற கைவினைஞரும் சேர்ந்து 1960களோட கடைசில உருவாக்கினது. விரலெல்லாம் இருக்கும். கலர்தான் வேற. நான் நல்ல கருப்பு, அது மாநிறம்.

மச்சினன் கல்யாணத்துல வேட்டி கட்டிட்டு உக்காந்திருந்தேன். ஒரு பொடியன் குனிஞ்சு பாத்துட்டு, "மாமா, இந்தக் கால் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"ன்னான். சுத்தி இருந்தவங்க பதறிப்போய் அவனை இழுத்துட்டுப் போனாங்க. அவன் கேட்டது உறுத்தலை. அந்தப் பதட்டம்தான் உறுத்துச்சு. அன்னிலேர்ந்து வேட்டியை விட்டேன். வீட்டு பீரோ கண்ணாடி மேல ஒரு துண்டு தொங்க ஆரம்பிச்சுது. வீட்டம்மா ஒரு வார்த்தை கேக்கலை.

இதெல்லாம்கூட நான் எதிர்பாத்ததுதான். எதிர்பாக்காதது வேற.

நான் மளிகை மண்டில கணக்குப்பிள்ளை. கூட்டல் கழித்தல் எல்லாம் மனசுலயே போடுவேன், கால்குலேட்டர் தொட்டதில்லை. கால் மாட்டினப்புறம், "ஏங்க, புளி, கடுகு, பெருங்காயம், தேங்காய்"னு சொல்லி அனுப்பினா கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு மறந்துடும். குடோன்ல மூட்டை எண்ணிக்கிட்டே நடந்தா நடுவுல எண்ணிக்கை தொலைஞ்சிடும். தலைல அடிபட்டிருக்கும், யாரும் கவனிக்கலைன்னு முடிவே பண்ணிட்டேன். காலில்லாத கணக்குப்பிள்ளையை முதலாளி வச்சுக்குவார். மூளையில்லாத கணக்குப்பிள்ளையை? ராஜினாமா கடிதம்கூட எழுதி சட்டைப்பைல வச்சிருந்தேன். வீட்ல சொல்லலை.

பிசியோதெரபி பாக்கற பொண்ணுதான் ஒருநாள், "அண்ணா, நடந்துக்கிட்டே நூத்துல இருந்து ஏழேழா கழிங்க"ன்னுச்சு. 93, 86... நின்னுட்டேன். கால் தானா நின்னுடுச்சு. "இப்ப உக்காந்து சொல்லுங்க." 79, 72, 65, 58, ரயில் மாதிரி போகுது!

அந்தப் பொண்ணு சொன்னது இதுதான்: "மூளைக்கு ஒண்ணும் ஆகலைண்ணா. உள்ளங்காலும் கணுக்காலும் தரை எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், நாம யோசிக்காமலே நடப்போம். உங்களுக்கு இப்ப அந்தச் சேதி வர்றதில்லை. ஒவ்வொரு அடியையும் கவனம் வச்சு வைக்கறீங்க. மிச்சக் கவனத்துலதான் கணக்குப் போடணும். பழகப் பழகக் குறையும்."

வெளில வந்து மரத்தடில உக்காந்து அந்தக் கடிதத்தைக் கிழிச்சேன்.

இன்னொண்ணு, இல்லாத கட்டைவிரல் ராத்திரி ரெண்டு மணிக்கு அரிக்கும். சொறிய இடம் கிடையாது. நம்ம தமிழ்நாட்டுல பொறந்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990கள்ல கண்டுபிடிச்ச கண்ணாடி வைத்தியத்தையும் அதே பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. இருக்கற காலோட பிம்பத்தை இல்லாத கால் இடத்துல பாத்துக்கிட்டே அசைக்கணும். வீட்ல பெரிய கண்ணாடி எது? பீரோ கண்ணாடிதான். துண்டை எடுத்தாகணும். எடுத்தேன். சரியா உக்காந்து பாத்தா ரெண்டு காலும் தெரிஞ்சுது. அன்னிக்குப் பயிற்சி ஒண்ணும் நடக்கலை, அழுகைதான். அப்புறம் செஞ்சேன். எனக்கு அரிப்பு கொஞ்சம் குறைஞ்சுது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லத் தெரியலை.

துண்டு திரும்ப ஏறலை. வேட்டி? வீட்ல கட்டறேன். கல்யாணத்துக்கு இன்னும் பேண்ட்தான்.

தினமும் காலைல தெருவுல ஏழேழா கழிச்சுக்கிட்டே நடப்பேன். எதிர்வீட்டுப் பாட்டி ஏதோ மந்திரம்னு நெனச்சிருக்காங்க போல, "எந்த சாமிக்குப்பா?"ன்னு கேட்டாங்க. ஆறேழு மாசத்துல நிக்காம 2 வரைக்கும் வந்தேன். மழை பெஞ்சு தரை வழுக்கினா மட்டும் இன்னிக்கும் 86-லயே நிக்கும்.

நேத்து கடைக்குப் போனேன். நாலு சாமான். மூணு வாங்கிட்டு வந்தேன்.

"பெருங்காயம் எங்க?"

கால் மேல பழியைப் போடலாம்னு பாத்தேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க பெருங்காயம் மறக்கறவர்தான், போய் வாங்கிட்டு வாங்க"ன்னுட்டா.