கிரகரி வாவிக் கரையில் ஒரு தூண்டிற் பாடம்

நானுஓயாவிற் புகைவண்டியை விட்டிறங்கி நுவரெலியாவுக்கு ஏறும் பிரயாணிக்குப் பார்ப்பதற்குக் குறைவில்லை. செங்கல்லாற் கட்டிய பழைய தபாற் கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், முகில் சூடி நிற்கும் பீதுருதாலகாலை, 1873 இல் தேசாதிபதி கிரகரி காலத்தில் அமைத்த வாவி என்று, விடுமுறையிற் செல்லும் மாணவர் ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்புவர். எனக்கோ அவ்வூரின் பெயரைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சிறுவனின் வலது காது.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, மலைநாட்டுக் கல்லூரியொன்றில் நான் சில ஆண்டுகள் கற்பித்தேன். அப்பகுதிக் குளிரோடைகளில் ட்ரவுட் என்னும் மீன் உண்டு. அது நம் நாட்டு மீனன்று. 1880களில் ஆங்கிலேயர் அதன் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்து பொரிக்கச் செய்தனர். நீர்மேல் விழும் பூச்சிகளை அது பாய்ந்து கவ்வும். ஆகவே இறகையும் நூலையும் முள்ளிற் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து, அதனை நீரின்மேல் எறிந்து பிடிப்பர்.

இவ்வித்தையை எனக்குக் கற்பித்தவர் தோட்டமொன்றில் வாழ்ந்த ஒரு பெரியவர். 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முன், இளமையில், துரைமாருக்குத் தூண்டிற்கோல் சுமந்து திரிந்தவர். கடனீரேரியில் வீச்சு வலை எறிவாரைக் கண்டு வளர்ந்த நான், எறிதல் என்றால் தோள்வலி என்றே எண்ணியிருந்தேன். வலையின் விளிம்பிலே ஈயக் குண்டுகள் உண்டு. சாதாரணத் தூண்டிலிலும் ஈயம் உண்டு. அந்தப் பாரம் நூலை இழுத்துச் செல்லும். பொய்ப்பூச்சிக்கோ பாரமே இல்லை. இங்கே எறியப்படுவது தடித்த நூல். பூச்சி அதன் பின்னே வெறுமனே செல்கின்றது. நூலைப் பின்னே வீசி, அது முழுதும் நீளும் வரை பொறுத்திருந்தால், அதன் இழுவையாற் கோல் வளையும். பின்பு முன்னே செலுத்திச் சட்டென்று நிறுத்தினால் அவ்வளைவு நிமிர்ந்து நூலை அனுப்பிவிடும்.

“கம்பு வேலை செய்யட்டும் மாஸ்டர், நீங்க சும்மா இருங்க” என்பார் பெரியவர். சும்மா இருத்தல் எனக்கு எளிதாக வரவில்லை.

ஓரளவு கைவந்ததும் ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா? மீன்பிடிக்க வரும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகலாம் என்ற ஆசையுடைய மாணவர் அறுவரைச் சனிக்கிழமைகளில் வாவிக்கரைப் புற்றரைக்கு அழைத்துச் சென்றேன். கடிகாரத்தை உவமையாக்கி, “முன்னே பத்து மணியில் நிறுத்து, பின்னே ஒரு மணியில் நிறுத்து” என்றேன். வகுப்பறைப் பழக்கத்தில் அவர்களுக்கு எதிர்முகமாக நின்று செய்து காட்டினேன். எதிரே நிற்பவனுக்குக் கோல் எவ்வளவு சாய்கின்றதென்று தெரியாது. பக்கவாட்டிற் பார்த்தாலே தெரியும். அறுவரும் ஆறு விதமான கடிகாரங்களைக் காட்டினர். ஒருவன் பின்னால் நூல் நீளும் முன்னரே முன்னே இழுத்தான். சவுக்குப் போலப் பட்டென்று ஓர் ஒலி, பூச்சியைக் காணோம். மற்றொருவன் சைப்ரஸ் மரத்தைப் பிடித்தான். நானோ மேலும் மேலும் விளக்கினேன். விளக்கம் மிகுந்த அளவுக்குச் சிக்கலும் மிகுந்தது.

முள்ளை வெட்டிவிட்டுப் பழக்கும்படி பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். முள் இல்லாவிட்டாற் பையன்களுக்கு ஊக்கம் பிறக்காது என்று நான் அதைத் தட்டிவிட்டேன். மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் வாவியிலிருந்து காற்று வீசியது. வலக்கையால் எறிபவனுக்கு வலப்புறத்திலிருந்து காற்று வரலாகாது. நூலைத் தலைமேல் தள்ளிவிடும். அதை அறிந்திருந்தும் கவனிக்கவில்லை. எல்லாரினும் சிறியவன், அதிகம் பேசாதவன், கோலை முன்னே செலுத்தினான். அடுத்த கணம் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். கத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் முள்ளின் நுனியை மறுபுறம் வரச் செய்து, எதிர்முனையை வெட்டி, பின் உருவி எடுத்தார். ஏற்பு ஊசியும் போட்டார். வேலை பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் காதுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள நான்கு விரற்கடை தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாட் காலை கொழுந்து பறிக்கப் போகும் வழியில் அவனுடைய தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தார். மன்னிப்பு வாக்கியங்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே.

“கண்ணுல பட்டிருந்தா என்னங்க சேர் செய்வீங்க?”

அதற்கு எந்த வாக்கியமும் பொருந்தவில்லை. அவர் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். கோல்களைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

மூன்று கிழமை கழித்துச் சிறுவனே வந்தான். “அம்மா சரின்னு சொல்லிட்டாங்க சேர். முள்ளு மட்டும் இருக்கக் கூடாதாம்.”

அதன்பின் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூற்றுண்டு கட்டினோம். தொப்பியும் கண்ணாடியும் அணியாதவனுக்குக் கோல் இல்லை. காற்று இடப்புறமாக இருக்கும்படி நின்றோம். பெரியவரையும் அழைத்து வந்தேன். அவர் கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நூலைப் பின்னே வீசியதும் எதிரே தெரிந்த மலையின் பெயரை வாய்க்குள் முழுதாகச் சொல்லிவிட்டு முன்னே செலுத்தச் சொன்னார். நூல் நீண்டிருந்தாற் பெயரையும் நீட்டிச் சொல்ல வேண்டும். பீதுருதாலகாலை என்று சொல்லி முடிக்கும் நேரம் நூல் பின்னால் நேராவதற்குப் போதுமாயிருந்தது. அன்று மாலைக்குள் நால்வருக்குக் கை கூடிவிட்டது. அவர்களிற் சிறியவனும் ஒருவன்.

புற்றரை முழுவதும் சிறுவர் அம்மலையின் பெயரைச் செபித்துக்கொண்டு நிற்பதைக் கேட்டு, உலாவ வந்த பயணியொருவர் அம்மலை எங்கே என்று வினவினார். காதிலே தழும்புடைய சிறுவன் கோலை நீட்டிக் காட்டினான். அதற்குள் மூடுபனி இறங்கி, அவ்விடத்தில் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. பயணி அவனை ஐயத்துடன் பார்த்துவிட்டு நடந்தார்.