கோண்டார் பள்ளிக்கூடத்தில் – எத்தியோப்பியப் பிரயாணம் 4

எத்தியோப்பியாவில் பொழுது விடிகிறபோது மணி பன்னிரண்டு. சூரியோதயமாகி ஒரு மணி நேரம் சென்றால் அவர்களுக்கு மணி ஒன்று. நம் கடிகாரம் எட்டு காட்டும்போது அவர்கள் இரண்டு என்பார்கள். அந்தி சாய்ந்ததும் பகலின் பன்னிரண்டு முடிந்து இரவின் கணக்குத் தொடங்கும். உதயாதி நாழிகை பார்த்துக் காரியம் செய்த நம் பாட்டனார்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் கைக்கடிகாரத்தை வேதவாக்காக நம்பி வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, பள்ளிக்கூடத்து அட்டவணை ஒரு கணக்கிலும் மாணாக்கர்களின் பேச்சு வேறொரு கணக்கிலும் நடப்பது பழகிவரச் சில வாரங்கள் பிடிக்கின்றன. "நாளை மூன்று மணிக்கு வருகிறேன், ஸார்" என்று ஒரு பையன் சொல்லிப் போனால், காலை ஒன்பதுக்கு வாசலில் வந்து நிற்பான். வருஷக் கணக்கும் தனி. முப்பது நாள் கொண்ட மாதங்கள் பன்னிரண்டு. அவற்றின் வாலில் ஐந்து நாளோ ஆறு நாளோ கொண்ட பாகுமே என்ற குட்டி மாதம் ஒன்று. அந்தக் குட்டி மாதமும் கழிந்து, 1965 செப்டம்பர் 11-ஆம் தேதியன்று நான் 1958-ஆம் வருஷத்தில் பிரவேசித்தேன். எனக்கு ஏழு வயது குறைந்துவிட்டதென்று ஊருக்கு எழுதினேன். தகப்பனாரின் பதிலில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் பாடம் சொல்ல வந்திருக்கும் கோண்டார் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில், அதாவது நம் கொடைக்கானலின் உயரத்தில், இருக்கிற பழைய ராஜதானி. பதினேழாம் நூற்றாண்டில் பாசிலிதஸ் சக்கரவர்த்தி கட்டத் தொடங்கி, அவருக்குப் பின் வந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சேர்த்த கற்கோட்டைகள் ஊர் நடுவே மதிலுக்குள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி, இந்நாட்டைப் பிடித்து ஆண்ட இத்தாலியர்கள் ஐந்தே வருஷத்தில் எழுப்பிய தபால் ஆபீசும் சினிமாக் கொட்டகையும். அதற்கும் அப்பால் மண் சுவரும் தகரக் கூரையுமான வீடுகள், தைல மரத் தோப்புகள். ஜூனில் பிடித்த மழை செப்டம்பரில் விட்டதும் மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூ மண்டிவிடும். அந்தப் பூ பூத்தால் புது வருஷம். புது வருஷம் பிறந்தால் பள்ளிக்கூடம்.

இந்தியர்கள் இவ்வளவு தூரம் வந்து பாடம் சொல்லவேண்டிய காரணம் என்னவென்று ஊரில் பலர் கேட்டார்கள். இத்தாலியர்கள் 1936-இல் இந்நாட்டைப் பிடித்தபோது, படித்த வாலிபர்கள் பலரைக் கொன்றுவிட்டார்கள். 1941-இல் ஹெய்லி செலாசி சக்கரவர்த்தி திரும்பிவந்து பள்ளிகளைப் புதிதாகத் திறக்க முற்பட்டபோது, கட்டிடம் கட்ட ஆள் இருந்தார்கள். உள்ளே நின்று கற்பிக்க ஆள் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவர்களாகவும், கொடுக்கிற சம்பளத்திற்கு மலைநாட்டு மூலை முடுக்குகளுக்குப் போகச் சம்மதிப்பவர்களாகவும் வேண்டுமென்று தேடியபோது இந்தியா அகப்பட்டது. 1965-இல் எந்தச் சிற்றூர்ப் பள்ளிக்குப் போனாலும் ஓர் இந்திய உபாத்தியாயர் இருப்பார். பெரும்பாலும் மலையாளியாக இருப்பார். எங்கள் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் அவர்கள் வசம். ஆங்கிலம் என் வசம்.

அப்போது ஆறாம் வகுப்புவரை எல்லாம் அம்ஹாரிக் பாஷையில். ஏழாவதில் கால் வைத்ததும் சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் அத்தனையும் ஆங்கிலமாகிவிடும். இந்த மாற்றத்தின் கொடுமையை மந்திரிசபையில் உட்கார்ந்து தீர்மானித்தவர்கள் நேரில் கண்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஐம்பது பேருக்குக் குறையாத வகுப்பில், பன்னிரண்டு வயதுப் பட்டணத்துப் பையனுக்குப் பக்கத்தில் மீசை அரும்பிய இருபது வயது விவசாயி மகன் உட்கார்ந்திருப்பான். அவன் வீடு ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கும்; நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, வாரத்திற்கு ஒருமுறை கிராமத்திலிருந்து கட்டிக்கொண்டு வரும் உலர்ந்த ரொட்டியில் காலம் தள்ளுவார்கள். அறையில் விளக்கில்லாதவர்கள் இரவில் தெரு விளக்கின் அடியில் புஸ்தகத்தோடு நிற்பதைப் பார்க்கலாம். கழுதைப்புலிகள் குப்பை பொறுக்க ஊருக்குள் வருகிற நேரமாகிவிட்டால்தான் கலைவார்கள்.

முதல் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்தபோது எனக்கு ஒரு சௌகரியம் காத்திருந்தது. இந்நாட்டில் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தெஸ்பாயே என்ற பையனின் தகப்பனார் கெபெதே என்றால் பையன் தெஸ்பாயே கெபெதே. அவன் தங்கை அல்மாஸ் கெபெதே. அடுத்த தலைமுறையில் கெபெதே மறைந்து தெஸ்பாயே பின்னுக்கு வந்துவிடுவார். தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சுமந்துகொண்டே பிறந்த தமிழனுக்கு இது விளக்கவேண்டாத விஷயம். 1962-இல் இங்கே வரத்தொடங்கிய பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தொண்டர் படையைச் சேர்ந்த ஓர் இளைஞர், என் சக ஆசிரியர், கெபெதேக்கள் அனைவரும் ஒரே குடும்பமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே பெண்கள் கல்யாணமான பிறகும் தகப்பனார் பெயரையே ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த மட்டில் நம்மைவிட நியாயமானவர்கள்.

பாடம் நடக்கிறபோது வேறொன்று. நான் ஏதாவது சொல்லி, "புரிந்ததா?" என்று கேட்டால், முன் வரிசைப் பையன், தணலை மிதித்தவன்போல, திடீரென்று மூச்சை உள்ளே இழுப்பான். ஆரம்பத்தில் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று திடுக்கிட்டுப் பாடத்தை நிறுத்துவேன். அந்த மூச்சுக்கு 'ஆம்' என்று பொருள். பத்துப்பேர் ஒரே சமயத்தில் மூச்சிழுத்து ஆமோதிக்கிற வகுப்பில் நின்று பேசுவது ஒரு தனிச் சுகம்.

பையன்களின் ஞாபக சக்தி அபாரமானது. சர்க்கார் பள்ளிக்கு வருமுன் பலர் மாதா கோவில் வளாகத்தில் பாதிரியாரிடம் பாடம் கேட்டவர்கள். முப்பத்துமூன்று எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு ரூபம், ஆக இருநூற்று முப்பத்தொன்றையும் உரக்கக் கூவி ஒப்பிக்கவேண்டும். பிறகு வழக்கொழிந்த கீஸ் பாஷையில் தாவீதின் சங்கீதங்களை மனப்பாடம் பண்ணவேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆங்கில இலக்கண சூத்திரத்தையும் இவர்கள் அதே ராகத்தில் ஒப்பித்துவிடுவார்கள். ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும்.

அங்கேதான் என் உத்தியோகத்திற்கு அர்த்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அம்ஹாரிக்கிலும் நம் தமிழிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிறது. 'நான் புஸ்தகத்தை மேஜைமேல் வைத்தேன்' என்ற வரிசையில் நினைக்கிறவன், 'நான் வைத்தேன்' என்று முதலிலேயே காரியத்தை முடித்துவிட்டு, புஸ்தகத்தையும் மேஜையையும் பின்னால் தேடிப்போகவேண்டிய சங்கடம் ஆங்கிலேயனுக்கோ அமெரிக்கனுக்கோ தெரியாது. தெரிவதற்கு நியாயமும் இல்லை. நானோ அந்தச் சங்கடத்தைப் பத்து வயதில் பிரம்படியோடு கடந்தவன். பையன் எந்த இடத்தில் தயங்குவான் என்பது அவன் தயங்குமுன் எனக்குத் தெரிகிறது. என் அமெரிக்க நண்பரின் உச்சரிப்பு அசல். என்னுடையது காவேரிக் கரை வழியாக வந்தது. மாணாக்கர்கள் இரண்டையும் கேட்டு மூன்றாவதாக ஒன்றைப் பேசுகிறார்கள். ஆனாலும் கட்டுரை திருத்தத் தேடி வருவது என் வீட்டு வாசலுக்குத்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நமக்கு ஆங்கிலம் எஜமானனின் பாஷையாக வந்தது. அதைப் படித்து உத்தியோகம் பார்த்துக்கொண்டே அதன்மேல் கோபமும் பட்டோம். இவர்களுக்கு அந்தக் கோபமே கிடையாது. 1896-இல் அத்வா யுத்தத்தில் ஓர் ஐரோப்பியப் படையை முறியடித்த ஜனங்கள். ஆங்கிலத்தை அடிஸ் அபாபாவிலுள்ள சர்வகலாசாலைக்குப் போகும் வழி என்ற அளவில் மதிக்கிறார்கள், அதற்குமேல் மயங்குவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இறுதிப் பரீட்சையும் ஆங்கிலத்திலேயே நடப்பதால் மதிப்பில் சற்றுப் பயமும் கலந்திருக்கிறது.

ஆகார விஷயத்தில் சைவனான நான் பட்டினி கிடப்பேன் என்று ஊரில் எல்லோரும் துக்கம் கொண்டாடினார்கள். ஆனால் இங்குள்ள கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன் ஐம்பத்தைந்து நாள் தொடர்ந்து விரதம். விரதமென்றால் மாமிசம், பால், நெய், முட்டை ஒன்றும் ஆகாது. ஆகவே எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள்ளும் 'த்ஸோம்' (விரதம்) என்ற சொல்லோடு நுழைந்தால் பருப்பும் கீரையும் கடலை மாவுக் குழம்பும் வரும். அவற்றைத் தாங்கி வருவது இஞ்சேரா. கடுகிலும் சிறிய தெஃப் என்ற தானியத்தை மாவாக்கிக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற மண் ஓட்டில் ஊற்றி மூடி, திருப்பிப் போடாமல் ஒரு பக்கமே வேகவைத்து எடுப்பது. இதைத் தோசையோடு ஒப்பிட்டு ஊருக்கு எழுதாத தென்னிந்தியர் எத்தியோப்பியாவில் இல்லையாதலால் நான் அதைச் செய்யப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் வீட்டுக்கார அம்மாள் காப்பிக்குக் கூப்பிட்டனுப்புவாள். ஊரார் மரியாதையாக அழைப்பதுபோல் நானும் அவளை 'எத்தியே' என்றே அழைக்கிறேன். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, கரியடுப்பின் முன் முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் கொட்டையைக் கழுவி, எல்லோர் கண்முன்னும் கறுக வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டுவாள். பிறகு இடித்து, நீண்ட கழுத்துள்ள ஜெபெனாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவாள். ஒரே பொடியில் மூன்று முறை: முதல் ஊற்று ஆபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. மூன்றும் குடிக்காமல் எழுந்து போவது மரியாதையில்லை. இதற்குள் ஒன்றரை மணி நேரமாவது ஆகிவிடுமாதலால் பேச்சுக்குக் குறைவிருக்காது. என் வகுப்பில் படிக்கும் அவள் மகன் துவிபாஷியாக இருப்பான்.

சென்ற வாரம் தோனா ஊற்றிக்கொண்டே அவள் நீளமாக ஏதோ கேட்டாள். பையன் நெளிந்தான். வற்புறுத்திய பிறகு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வினைச்சொல்லை அதன் இடத்தில் சரியாக வைத்துச் சொன்னான்: "இத்தாலியர்களை நாங்கள் ஐந்து வருஷத்தில் அனுப்பிவிட்டோம், நீங்கள் அவ்வளவு கோடிப் பேர் இருந்தும் ஆங்கிலேயர்களை இருநூறு வருஷம் ஏன் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அம்மா கேட்கிறாள், ஸார்."

பிளாசியில் ஆரம்பித்தேன். பெரெக்கா வந்தபோது 1857-க்குக்கூட வந்து சேரவில்லை. காந்தியடிகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்திருக்கிறோம். அதற்குள் அரைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தியாகவேண்டும். திருத்தி முடிந்தால் விடுமுறையில் பஸ் ஏறித் தெற்கே தானா ஏரிக்கும் நீல நைல் அருவிக்கும் போவதாக உத்தேசம்.

(தொடரும்)