மேகமா? மாயமா?

‘மேகக் கணிமை’ என்கிறார்கள். பெயரைக் கேட்டால் நம் படங்களும் கணக்குகளும் வானத்தில் மிதப்பது போலத் தோன்றும். உண்மையில் அவை இருப்பது மண்ணில்தான். பெரிய கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கிய கணிப்பொறிகள். அவற்றின் சூட்டைத் தணிக்கவே ஏராளமான மின்சாரம் செலவாகிறது. பெயர் மட்டும் வியாபாரிகள் சூட்டிய அழகான பெயர்!

இதை வெறும் விளம்பரம் என்றவர்கள் சாமானியர் அல்லர். 2008-இல் ஆரக்கிள் நிறுவனத் தலைவர் லாரி எல்லிசன், பெண்களின் உடைத் துறையைக் காட்டிலும் கணிப்பொறித் துறைதான் நாகரிக மோகத்தில் அலைகிறது என்று கேலி செய்தார். (இதில் பெண்களை ஏன் இழுத்தாரோ!) நான்கே ஆண்டுகளில் அவர் நிறுவனமும் மேகக் கடை விரித்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனும் அதே 2008-இல், உங்கள் கட்டுப்பாடு பிறர் கைக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். எல்லிசனின் கேலியைவிட இதுவே எனக்குக் கனமாகப் படுகிறது.

எண்ணமும் புதிதன்று. தொலைபேசியைப் போலக் கணிப்பொறியும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று 1961-லேயே ஜான் மெக்கார்த்தி கூறினார். அப்படியானால் மாறியது என்ன? 2006-இல் அமேசான் தன் கணிப்பொறிகளை மணிக்குப் பத்து சென்ட் என்று யாருக்கும் வாடகைக்கு விட்டது. ஒருநாள் கல்யாணத்துக்காக யாராவது அண்டாவும் பந்தலும் விலைக்கு வாங்குவார்களா? தேர்வு முடிவு வெளியாகும் அந்த ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள், தோழியரே! எத்தனை இலட்சம் பேர் ஒரே நேரத்தில் மோதுகிறோம்! அந்த ஒரு நாளுக்காக வாங்கும் இயந்திரங்கள் ஆண்டு முழுதும் தூங்கும். வாடகை என்றால் வேண்டியபோது எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிவிடலாம். கையில் முதலில்லாதவரும் தொழில் தொடங்க இது வழிவிட்டது. இதை மாயம் என்று தள்ள என்னால் முடியவில்லை.

ஆனால் வாடகைப் பொருள் நம் பொருளாகுமா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இத்தகைய கட்டடம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காத சிலருடைய கோப்புகள் மீளவே இல்லை.

மறைந்த எங்கள் பாட்டி செபமாலை சொல்லும் குரலை அம்மா கைப்பேசியில் பதிந்திருந்தார். கைப்பேசி பழுதாகியும் குரல் மேகத்தில் பிழைத்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இப்போதோ, இடம் நிறைந்துவிட்டது, பணம் கட்டுங்கள் என்று மாதந்தோறும் செய்தி வருகிறது. சென்ற வாரம் அண்ணன் அப்பதிவை ஒரு பென் டிரைவில் இறக்கித் தந்தான். பாட்டியின் செபமாலை இருந்த தகரப் பெட்டியில் அம்மா அதையும் வைத்திருக்கிறார்.