மட்டக்குதிரைக்குப் பின்னால்

ஆடி. அந்தியூர்.

குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை. திப்பு சுல்தான் காலத்தில் தொடங்கியது என்று ஊரில் சொல்கிறார்கள். காதுநுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவார், மார்வார் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம். மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும் வெள்ளைக் குதிரைக்கு முன்னால் நிற்க இடமில்லை. எல்லாக் கையிலும் செல்போன். எனக்கு வேண்டியது வேலியோரம் கட்டிக் கிடந்தது. நாட்டு மட்டம், பெண் குதிரை, கருப்பட்டி நிறம். பெயரும் அங்கேயே முடிவாகிவிட்டது.

விற்றவர் காது வரைக்கும் கையைத் தூக்கி உயரம் சொன்னார். குதிரையின் உயரம் தலையில் இல்லை. பிடரி மயிர் முடிகிற தோள்மேட்டில் அளக்க வேண்டும். டேப் வைத்துப் பார்த்தேன், 38 அங்குலம். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 34 அங்குலத்தைத் தாண்டினால் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. ஷெட்லாந்து மட்டத்துக்கு 42 வரை அனுமதி உண்டு. கருப்பட்டி மினியேச்சரும் இல்லை, ஷெட்லாந்து இனமும் இல்லை; நம்மூர்க் குள்ளி. வாயைத் திறந்து பார்த்ததில் முன்வரிசையின் நடுப்பற்களும் அடுத்தவையும் விழுந்து முளைத்திருந்தன; ஓரத்தில் இன்னும் பால்பல். நான்கு வயது. வண்டிக்குப் பழக்க ஏற்ற வயது இதுதான். இரண்டு வயதிலேயே பூட்டி எலும்பைக் கெடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஆவணி. திருவனந்தபுரம், ஸ்ரீவராகம்.

ஓணம் வந்துவிட்டது. குளத்தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் குதிரை பார்க்க வந்தார்கள், யாரும் வெறுங்கையோடு வரவில்லை. நேந்திரம்பழம், சர்க்கரைவரட்டி, ஒரு மாமி தூக்குவாளியில் அடைப் பிரதமன். “குழந்தை மாதிரி இருக்கே, கொஞ்சம் குடிக்கட்டுமே” என்றார். குதிரைக்கு வாந்தி வராது மாமி, உள்ளே போனது போனதுதான், வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிப் பிரதமனை நான் குடித்தேன்.

சின்னக் குதிரைகளைப் பட்டினி கொல்வது அபூர்வம், அன்பு கொல்வதுதான் அதிகம். உடம்பு எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் போதும். கருப்பட்டி 110 கிலோ இருப்பாள். இரண்டு கிலோ கணக்கு. அதற்குமேல் கொழுத்தால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகும். கொள்ளு ஊறவைத்து ஒரு கைப்பிடி, அதுவும் வேலை செய்த நாளில் மட்டும். டாக்டர் டெட்டனஸ் ஊசி போட்டார்; ஆணி குத்தினால் மனிதனைவிடக் குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும். வியர்வையைக் கவனிக்கவும் சொன்னார். இந்தக் கரையோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குதிரைகளுக்கு இந்தியாவில் அன்றே இருந்த தொல்லை. ஓடியபின் மூச்சு வாங்குகிறது, தோல் காய்ந்திருக்கிறது என்றால் உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குதிரை தனியாக இருக்காது. துணைக்கு ஒரு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருக்கிறேன். அது கருப்பட்டியின் வைக்கோலைத் தின்கிறது. அவள் அதன் காதைக் கடிக்கிறாள். சுகமாக இருக்கிறார்கள்.

ஆவணி கடைசி.

வடசேரியிலிருந்து அண்ணாச்சி வந்தார். ஒரு காலத்தில் நாகர்கோவிலில் ஜட்கா ஓட்டியவர். நான் வண்டிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“வண்டிக்கு இப்பம் என்ன அவசரம் தம்பி? மொதல்ல பொறத்தால நடந்து பழகும்.”

“நாலு வயசாச்சே அண்ணாச்சி, பழகிக்கும்ல?”

“அது பழகிக்கிடும். பழக வேண்டியது நீரு.”

கடிவாளத்தின் இரண்டு வளையத்திலும் நீளமான கயிறு கட்டி, விலாப்பக்கம் தொங்கும் வளையங்களுக்குள் விட்டுப் பின்னால் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உதைக்கு எட்டாத தூரத்தில், சற்றே பக்கவாட்டில் நின்று நடக்க வேண்டும். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 பாகை தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம் தெரியாது. வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம் தெரியாது. வண்டிக்காரன் உட்காருவது சரியாக அந்த இரண்டாவது இடத்தில். சவாரி செய்கிறவனுக்குத் தொடை இருக்கிறது, குதிகால் இருக்கிறது, உடம்பின் பாரம் இருக்கிறது. பின்னால் இருப்பவனுக்குக் குரலும் இரண்டு வாரும்தான். பயந்த பிராணி ஒன்று, தன் கண்ணுக்குப் படாத ஒருவனை நம்பி பஸ்ஸுக்கு எதிரே நடக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கு முழுவதும் அவ்வளவுதான். மீதியெல்லாம் தோல்வேலை, இரும்புவேலை.

“நட”, “ஓடு”, “ஹோ”, “பின்னே”. நாலே சொல். ஒன்று இன்னொன்று போலக் கேட்கக்கூடாது என்பார் அண்ணாச்சி. ஒரே சொல், ஒரே சுருதி, கோபம் வந்தாலும் அதே சுருதி. மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டே நாளில் “ஹோ”வைக் கற்றுக்கொண்டு அவளை நினைத்த இடத்தில் நிறுத்துகிறார்கள்.

புரட்டாசி. விஜயதசமி.

பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரிக்கு வந்த விக்கிரகங்களில் வேளிமலைக் குமாரசுவாமி இன்று வெள்ளிக்குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளினார். தக்கலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கூட வந்திருந்தார்கள். செண்டையும் கொம்பும் முழங்க இந்த ஊரில் அசையாமல் நிற்கிற குதிரை அது ஒன்று. வேண்டுமானால் குதிரமாளிகையின் இறவாரத்தைத் தாங்கும் 122 மரக்குதிரைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சுவாதித் திருநாள் கட்டிய மாளிகை, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அத்தனை குதிரைக்கும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு கடிவாளம் எப்படிப் போடுவது என்று தெரிந்துகொள்ள முடியாது.

கருப்பட்டிக்கு மேளம் ஆகவில்லை. கொல்லையில் தீவனம் தின்னும்போது தகரத்தில் தட்டிக் காட்டுகிறோம், முதலில் தூரத்தில், பிறகு கிட்டத்தில்.

ஐப்பசி. ஆறாட்டு.

பத்மநாபசுவாமி ஆறாட்டு சங்குமுகம் கடலுக்குப் போகும்போது வழி விமான நிலைய ஓடுதளத்தின் குறுக்கே. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை, ஐப்பசியிலும் பங்குனியிலும், சில மணிநேரம் விமானம் கிடையாது. நான் சாமி கும்பிட்டேன் என்று சொன்னால் பாதி பொய். குதிரைப் போலீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடியோசையில் ஒரு குதிரை காதை மடக்கியது. மேலிருந்தவர் கயிற்றைத் தொடவே இல்லை, தொடையால் ஏதோ சொன்னார், காது நிமிர்ந்தது. அந்த வசதி எனக்கில்லை.

கார்த்திகை.

வண்டி தயார். மணக்காட்டில் ஒரு வெல்டிங் கடையில் இரும்புக்குழாயில் அடித்தது, ஸ்கூட்டர் சக்கரம், ஒருவர் உட்காரும் பலகை. பலகையின் அடியில் துளைகள் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தும்படி செய்யச் சொன்னபோது கடைக்காரர் சிரித்தார். இரண்டு சக்கர வண்டியில் நுட்பமே அதில்தான். நான் ஏறி உட்கார்ந்ததும் முன்னால் நீளும் இரண்டு தண்டுகளும் குதிரையின் விலாவளையத்துக்குள் மிதக்க வேண்டும். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன், அழுத்தியது. பலகையை ஒரு துளை பின்னே தள்ளினோம். இப்போது மேலே எழும்பி வயிற்றுப் பட்டையை இழுத்தது. பாதித் துளைக்குப் புதிதாக ஓட்டை போட்டபின் நின்றது. அந்தப் பாரம் முதுகில் இருந்தால் ஒரு மாதத்தில் தோல் உரியும். தொடைக்குப் பின்னால் சுற்றிவரும் வாரும் சேர்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் இறக்கத்தில் வண்டி அவள் காலில் இடிக்கும்.

மட்டக்குதிரை வெறும் அழகுக்கு வளர்க்கும் பிராணியாக மட்டும் இருந்ததில்லை. 1842ல் பிரிட்டன் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக்கூடாது என்று சட்டம் போட்டபின், நிலக்கரித் தொட்டிகளை இழுக்க ஷெட்லாந்து மட்டங்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே போயின. நம்முடைய 1965ஆம் ஆண்டு பார இழுவை விலங்கு விதிகள் காற்றடைத்த சக்கரமுள்ள இருசக்கர வண்டியில் மட்டக்குதிரைக்கு 600 கிலோ வரை அனுமதிக்கின்றன. 38 அங்குலத்துக்காரியிடம் அதைப் படித்துக் காட்ட எனக்கு மனமில்லை. அவளுக்கு வண்டியும் ஆளும் சேர்ந்து அவளுடைய எடைக்கு மேல் கொஞ்சம், அதுவும் சமதரையில். அதே விதிகளில் நல்லவையும் உண்டு. 37 டிகிரிக்கு மேல் போனால் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக்கூடாது. முள்வைத்த கடிவாளம் குற்றம். சந்தையில் அந்த முள்கடிவாளம் விற்கிறது.

மார்கழி.

விடியற்காலை, ரோட்டில் ஆளில்லை, பஜனைக்குப் போகிறவர்கள் மட்டும். இரண்டு மூங்கிலை விலாவில் கட்டித் தரையில் தேயவிட்டு நடத்திப் பழகியிருந்ததால் சக்கரச் சத்தம் அவளுக்குப் புதிதாக இல்லை. கண்பட்டை போட்டுத்தான் பூட்டினோம். பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை எக்காரணத்தைக் கொண்டும் கழற்றக்கூடாது. பட்டை விலகி, தன்னைத் துரத்தும் சக்கரத்தை முதல் தடவையாகக் கண்டால் அவள் நிற்கமாட்டாள். அவிழ்க்கும்போது முதலில் வண்டி, கடைசியில்தான் கடிவாளம்.

அண்ணாச்சி தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றினார். பிறகு கையை விட்டார். ஒரு சைக்கிள் பால்காரர் மணியடித்துக் கடந்தபோது அவளுடைய இடக்காது என் பக்கம் திரும்பியது. “நட” என்றேன், வழக்கமான சுருதியில். காது முன்னால் போயிற்று.

மாசி. ஆற்றுகால் பொங்கால.

ஆற்றுகால் இங்கிருந்து கூப்பிடு தூரம். 2009ல் 25 லட்சம் பெண்கள் கூடிப் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிந்த விழா. எங்கள் தெருவிலும் வீட்டுவாசலுக்கு வாசல் செங்கல் அடுப்பு. புகைக்குப் பயந்து கருப்பட்டியையும் ஆட்டையும் முந்தின நாளே முட்டத்தறைப் பக்கம் ஒரு நண்பர் தோட்டத்தில் விட்டேன்.

அங்கே இடம் விசாலம். போட்டி வண்டியோட்டத்தில் குறுகலான கோன்களுக்கு நடுவே, மேலே வைத்த பந்து விழாமல் ஓட்டுவது ஒரு சுற்று. போலோவை விட்டபின் இந்த விளையாட்டுக்கு வந்த இளவரசர் பிலிப், இதன் சர்வதேச விதிகளை வகுத்தவர்களில் ஒருவர். அமெரிக்காவில் 39 அங்குலத்துக்குள் உள்ளவற்றுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது. நானும் கோன்களை நட்டு ஓட்டிப் பார்த்தேன். பந்துகள் விழுந்தன. கருப்பட்டிமேல் குறையில்லை, அவள் கேட்டதற்குத் திரும்பினாள்.

வண்டியைப் பார்த்த ஒருவர் அடுத்த ஆடியில் மகளின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க வேண்டும். எனக்கு அதற்கு ஆள் நாகர்கோவில் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறார். அந்தியூருக்கு டிக்கெட் எடுக்கும் முன், குளம்பு செதுக்குகிறவரும் குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டரும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் சந்தையைச் சுற்றிப் பார்த்து, குதிரையாட்டம் பார்த்து, வெறுங்கையோடு வீடு திரும்புங்கள்.