பச்சைத் தடம்

நவம்பர் 6

காலையில் பார்க்கிங்கில் கார் வயிறு தரையில் முட்டக் கிடந்தது. வலப்பக்கப் பின்சக்கரத்தடியில் பச்சை எண்ணெய். 1993ஆம் ஆண்டுச் சித்ரோவென் க்ஸாந்தியா. சுருள் ஸ்பிரிங் கிடையாது. நைட்ரஜன் அடைத்த குண்டுகளும் எல்எச்எம் எண்ணெயின் அழுத்தமும்தான் வண்டியைத் தாங்குகின்றன. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அதே எண்ணெய்தான். எடுத்து ஓடவே கூடாது.

அம்மா வசதியாக ஏறக்கூடிய கார் இது ஒன்றுதான். கியருக்குப் பக்கத்திலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் வண்டி எழும்பும். முழங்காலை அதிகம் மடக்காமல் பக்கவாட்டாக உட்கார்ந்துவிடுவா.

நவம்பர் 7

டாக்சி வந்தது. அம்மாவால் குனிந்து ஏற முடியவில்லை. "திருப்பி அனுப்பு தம்பி. ஒரு கிழமை பிசியோ இல்லாட்டி ஒண்டும் ஆகாது." இரவு நெடுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தா. எனக்கும் நித்திரையில்லை.

நவம்பர் 9

கராஜில் இந்த முறைமையைத் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். கீழ்மாடிப் பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக். கேள்விப்பட்டுத் தானாகவே இறங்கி வந்தார். பாரிஸுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவரோடு வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. பொல் மாஜெஸ் உருவாக்கிய இந்த முறைமை 1954இல் ஒரு காரின் பின்சக்கரங்களில் தொடங்கியதையும், 1955 பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவெனின் டிஎஸ் கார் நான்கு சக்கரங்களிலும் அதோடு வந்து நின்றதையும் சொந்த வீட்டுச் சங்கதிபோலச் சொன்னார். பழைய டிஎஸ்களில் எண்ணெய் சிவப்பாம். பச்சைக்கான வண்டியில் அதையோ சாதாரண பிரேக் எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் போய்விடுமாம்.

முதலில் வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தச் சொன்னார். அழுத்தம் இறங்கினால் வண்டியும் இறங்கும். அடியில் படுத்திருப்பவர் நசுங்குவார். "கையால் தடவித் தேடாதீர்கள்" என்றார் அடுத்து. என்ஜின் ஓடும்போது அழுத்தம் 145 முதல் 170 பார் வரை போகும். ஊசித்துளையால் பீச்சும் எண்ணெய் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடும். அட்டைத் துண்டைத்தான் பிடித்துப் பார்த்தோம்.

முன்னால் ரெகுலேட்டர் ஓயாமல் 'டிக், டிக்' என்றது. சொட்டுவது பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் நுனியில். ஆனால் கசிவு தொடங்குவது அந்த நுனியில் இல்லை. மேலே எங்கு பார்த்தாலும் ஈரம், எங்கும் பச்சை. நெஞ்சு விட்டுப்போயிற்று.

நவம்பர் 10

மழை.

நவம்பர் 13

அடிப்பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்துக் காயவிட்டு, அம்மாவின் பவுடர் டப்பாவைக் கேட்டேன். "காருக்குப் பவுடரோ?" என்றா, கொடுத்தா. குழாய் நெடுகத் தூவிவிட்டு என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம்.

வெள்ளைப் பூச்சில் தலைமயிர் தடிப்பில் பச்சைக் கோடு. பெட்ரோல் தாங்கிக்கு மேலே, பிளாஸ்டிக் கிளிப் ஒன்றுக்குள்ளிருந்து புறப்பட்டு, குழாயின் அடியோரமாகவே ஊர்ந்து, ஒரு வளைவில் கீழே பாய்ந்து அந்த இரும்புக் கையில் சேர்கிறது. கிளிப்பைக் கழற்றினால் உள்ளே சேறும் பனிக்காலத்து வீதி உப்பும். இரும்புக் குழாய் அங்கே செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. பெரியவர் என் தோளில் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 16

ரெகுலேட்டர் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கினோம். கெட்ட துண்டை வெட்டி, செம்பு நிக்கல் கலந்த மூன்றரை மில்லிமீட்டர்க் குழாயைப் பொருத்தினோம். பெரியவர் நுனியை விரித்த விதம் பார்க்க வேண்டியது: நகத்தால் ஒரு சுற்றுத் தடவி, திருப்தியில்லாமல் வெட்டி எறிந்து, மறுபடி விரித்தார். புது ரப்பர் வளையம் போட்டு முடுக்கினோம். மாலையில் வண்டி மெல்லப் பின்பக்கம் தூக்கி எழும்பியது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 19

அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். முழங்கால் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லையாம். இடுப்பைப் படம் எடுக்கச் சொல்லி டொக்டர் எழுதித் தந்தார். அம்மாவுக்குக் கோபம். "எங்க நோகுதெண்டு எனக்குத் தெரியாதே?" வழி முழுக்கப் பேசவில்லை.

நவம்பர் 22

புதுக் குழாய் உலர்ந்தே இருக்கிறது. ஆனால் வண்டியை உச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, எல்எச்எம் தாங்கியின் மூடியிலுள்ள மஞ்சள் மிதவை சற்றுக் கீழே இறங்கியிருந்தது. முன்பக்கத்து ரப்பர்த் திரும்பு குழாய்களாக இருக்கலாம் என்கிறார் பெரியவர். இடுப்புப் படம் செவ்வாய்க்கிழமை. அதற்குள் இன்னொரு லீற்றர் எல்எச்எம் வாங்கி வைக்க வேண்டும், பவுடரும்.