கொட்டானும் கியொண்டோவும்

காரைக்குடி,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பல்லவன் ரயிலில் வந்து இறங்கி மூன்று நாளாகிறது. நீ அனுப்பிய செய்தியை வண்டி விருத்தாசலம் தாண்டும்போதுதான் பார்த்தேன். நைரோபியில் ஒரு தொண்டு நிறுவனம், ஆவணப்படுத்தும் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், அடுத்த வாரம் நேர்காணல். “போகலாமா அக்கா?” என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். அதோடு, நீ கேட்ட கேள்விக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடத்திலிருந்து பதில் எழுத முடியாது என்றும் தோன்றுகிறது.

நேற்றுக் காலை முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டு போனேன். எனாமல் தூக்குச் சட்டிகள், மரப் பெட்டிகள், யாரோ ஒரு ஆச்சியின் கல்யாணச் சீர் வரிசையில் இருந்து கழன்று வந்த பித்தளைச் சாமான்கள். ஒரு கடையின் மூலையில் துணி அட்டை போட்ட கணக்குப் பேரேடு ஒன்று கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டுப் பிரித்துப் பார்த்தேன். வரிக்கு வரி தேதி, வரவு, பற்று, வட்டி. எங்கும் அடித்தல் இல்லை. பர்மாவிலோ மலாயாவிலோ ஒரு கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியடியில் குனிந்து ஒரு இளைஞன் எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைவிட இளையவனாகவும் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் செட்டிநாட்டில் வெளிநாடு போவதைக் ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று போகிற ஆளுக்கு மூன்று வருடச் சம்பளம் முன்னாலேயே பேசி எழுதப்படும். அதில் ஒரு பங்கு குடும்பத்தின் கையில் வந்த பிறகுதான் கப்பல் ஏறுவான். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு ஒரு கடையையே பார்க்கிற மேலாளாவது வழக்கம். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, கொஞ்ச காலம் இருந்து, மறுபடி போவான். உன் ஒப்பந்தத்தில் இருக்கிற காலவரை, முன்பணம், ஊர் வரும் விடுப்பு எல்லாமே இந்த ஊருக்குப் பழக்கமானவைதான்.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியும் உனக்குத் தெரிய வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் 6 விழுக்காடுதான் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாகிவிட்டது. நிலத்தின்மேல் ஆசைப்பட்டு வாங்கியதல்ல அது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கடன் கொடுத்தவர் பக்கம் கணக்கு சரியாகவே இருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கோ அந்தச் சரியான கணக்கே ஆறாத காயம். பிறகு அதுவே பெரும் கசப்பாக வளர்ந்தது. அயல் நாட்டுக்கு வேலைக்குப் போகிற எவரும், நல்லது செய்யப் போகிறவர்கள் முக்கியமாக, இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம் ஏட்டில் எல்லாம் நேராக இருக்கும்போதே எதிரில் இருப்பவருக்கு அது அநியாயமாக இருக்க முடியும்.

சரி, நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். கொட்டான் முடைகிறவர்களைப் பார்க்க வந்தேன். கொட்டான் பனங்குருத்தோலையில் முடைகிற சின்னக் கூடை. ஆச்சிமார் முன்பு வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து முடைவார்கள். கல்யாணத்துக்கும் மற்ற விசேஷங்களுக்கும் பலகாரம், வெற்றிலை பாக்கு, சீர்ப் பொருள் வைத்துக் கொடுக்க அதுதான் பாத்திரம். விளிம்பில் நூல் பின்னி, மணி கோத்து அழகு பார்ப்பார்கள். குடும்பங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு முடைகிற கை குறைந்து, கிட்டத்தட்ட நின்றே போன கைவேலை. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையைத் தொடங்கிய விசாலாட்சி ராமசாமி பழைய கொட்டான்களைத் தேடி எடுத்து, முடையத் தெரிந்தவர்களைக் கண்டுபிடித்து, சுற்று வட்டாரக் கிராமப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

பத்து வருடத்துக்கு முன்பு நைரோபியில் மாசாய் சந்தையில் வாங்கிய என் கூடை உனக்கு நினைவிருக்கும். விடுதியில் அதில்தான் நீ வெங்காயம் போட்டு வைப்பாய். கியொண்டோ என்று பெயர். அதை இந்தப் பயணத்துக்கு எடுத்து வந்தேன். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்து முடைகிற திண்ணையில் அதை வைத்தேன். பேச்சு நின்றுவிட்டது. அவர்களில் மூத்தவர் கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்துவிட்டு, கூடையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அழகைப் பார்க்கவில்லை, அடியைத்தான் பார்த்தார்.

“இங்கனதான் ஆரம்பிச்சிருக்காங்க” என்று நடுப்புள்ளியில் விரலை வைத்தார். “நாம குறுக்கும் நெடுக்கும் ஓலையப் போட்டு அடியக் கட்டுவோம். இது நடுவுல இருந்து சுத்திச் சுத்தி வருது. இது எந்தூரு நாரும்மா?”

கற்றாழை நார், கென்யாவில் பெண்கள் தொடையில் வைத்து உருட்டித் திரித்து நூலாக்குவார்கள் என்று சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்த பெண் புடவையை ஒதுக்கி, ஒரு ஓலை நறுக்கைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிக் காட்டினார். “விளக்குத் திரி மாதிரியா?” “ஆமா, அதே மாதிரிதான்.” மூத்தவர் தோல் வாரைத் தைத்திருக்கும் இடத்தை இழுத்துப் பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பின்னலின் நெருக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். “கெட்டியாத்தான் போட்டிருக்காங்க. ஒரு நாள் வேலை இல்ல இது.”

அவர்கள் வேலையையும் பார்த்தேன். காய்ந்த குருத்தோலையின் ஈர்க்கை உருவி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, சாயம் ஏற்றி உலர்த்தியிருந்தார்கள். முடையும்போது ஓலை ஒடியாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கொட்டானில் ஒரு நறுக்கு மயிரிழை அகலமாகப் போய்விட்டது. மூத்தவர் பேசிக்கொண்டே நாலு வரிசையைப் பிரித்தார். முடைந்த பெண்ணின் முகம் வாடியது. “கடையில திருப்பி அனுப்பிட்டா உனக்குத்தான் நட்டம்” என்றார் மூத்தவர், குரலை உயர்த்தாமல்.

நீ பார்க்கப் போகிற உலகத்தில் ‘திறன் வளர்ப்பு’ என்று ஆயிரம் அறிக்கை எழுதுவார்கள். நான் பார்த்தவரை, பிரிக்கப்பட்ட அந்த நாலு வரிசைதான் திறன் வளர்ப்பு. அதைச் சொல்லத் தெரிந்தவர், சொல்லும் உரிமை உள்ளவர், விலையைக் கணக்கிடத் தெரிந்தவர், வாங்குகிறவரைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஆகிய இவர்களுக்கு எந்த நாட்டிலும் வேலை இருக்கிறது.

ருவாண்டாவை எடுத்துக்கொள். அங்கே அகசேகே என்று கூம்பு மூடி போட்ட கூடை. அதுவும் கல்யாணச் சீர் கொண்டு போகிற கூடைதான். அந்த நாட்டு அரசுச் சின்னத்திலேயே கூடை இருக்கிறது. 1994இல் சில மாதங்களுக்குள் 8 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்ட நாடு. அதற்குப் பிறகு, கணவனை இழந்த பெண்ணும் கணவன் சிறையில் இருக்கும் பெண்ணும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கூடை பின்னினார்கள். ஜேனட் ந்குபானா, ஜாய் என்துங்குட்சே என்ற அக்கா தங்கை இருவர் தொடங்கிய ககாயா லிங்க்ஸ் அந்தக் கூடைகளை 2005இல் அமெரிக்காவின் மேசிஸ் கடைகளுக்குக் கொண்டுபோனது. அமைதிக் கூடை என்று பெயர் வந்தது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் யாரென்று பார்: அளவு மாறாமல் பின்னக் கற்றுக்கொடுத்தவர், ஏற்றுமதிக் காகிதம் பார்த்தவர், கூடையோடு போகும் சீட்டில் இரண்டு வரி எழுதியவர். கடைசியாகச் சொன்னது உன் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பனைக்கு ஆப்பிரிக்காவில் ஒரு உடன்பிறப்பு இருக்கிறது. தாவர நூலில் இரண்டும் பொராசஸ் பேரினம்தான். அங்குள்ள மரம் தண்டின் மேல்பாதியில் கொஞ்சம் வயிறு பருத்து நிற்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. உனக்கும் அடைக்கும்.

வேலைச் சந்தையின் நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு தனி அமைப்பாக இயங்குவது நின்றுபோனது. கென்யாவில் எச்ஐவி சிகிச்சைப் பணிகளில் இருந்தவர்கள் பலர் வேலை இழந்தார்கள். எனவே கிடைக்கிற வேலைக்கு அந்த நாட்டு இளைஞர்களே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் முதல் உரிமை. நேர்காணலில் நீ இதைக் கேள்: “இந்த வேலையை உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏன் செய்யவில்லை? இரண்டு வருடம் கழித்து யார் செய்வார்?” பதில் தெளிவாக இருந்தால் போ. 1957இல் நைரோபியில் தொடங்கிய ஆம்ரெஃப், 2006இல் மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகளோடு தொடங்கிய ஒன் ஏக்கர் ஃபண்ட், வங்காளதேசத்திலிருந்து அதே ஆண்டு உகாண்டாவுக்குப் போன பிராக் எல்லாம் பெரும்பாலும் அந்த மண்ணின் ஆட்களைக் கொண்டு நடப்பவை. வேலைக்கு எடுக்கிறேன் என்று பணம் கேட்கிற யாரையும் நம்பாதே. ஐ.நா. அமைப்புகள் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வாழ்க்கைச் செலவுக்குப் படி தருவார்கள், வீட்டில் இருந்தபடியே செய்கிற பணிகளும் உண்டு.

ஆப்பிரிக்காவுக்கு வேலை செய்ய விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் மதுரை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் லைகோ பயிற்சி நிலையத்துக்கு ஆப்பிரிக்க நாட்டுக் கண் மருத்துவமனைகளிலிருந்து குழுக்கள் வந்து நிர்வாகம் கற்றுப் போகின்றன. அதே மதுரையில் தானம் அறக்கட்டளை இருக்கிறது; வளர்ச்சிப் பணிக்கென்றே பட்டதாரிகளைத் தயார்செய்கிற அதன் அகாடமியும் இருக்கிறது. உன் துறையிலேயே வேண்டுமென்றால் டிஜிட்டல் கிரீனைப் பார். கிராமத்து விவசாயியே பேசி நடிக்கிற சிறு படங்களை உள்ளூர் ஆட்களே எடுத்து, பக்கத்து விவசாயிகளுக்குப் போட்டுக் காட்டுகிற முறை இந்தியாவில் உருவாகி எத்தியோப்பியாவுக்குப் போனது.

படம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் நைரோபியில் இருந்தபோது ஒரு அமைப்புக்காகப் பெண்கள் குழு ஒன்றைப் படம் எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்த படங்களைத் தள்ளிவிட்டு, ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிற படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர் துடைத்தது அடுப்புப் புகையை. எனக்கு அது தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரை அந்த முகம் என்னை விடவில்லை. நீ அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காதே. படத்தை முதலில் அவருக்குக் காட்டு, அவர் மொழியில் வாசித்துக் காட்டு, சம்மதம் கேள்.

இன்று மாலை கோட்டையூர் வரை போய் வந்தேன். அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். ஆனால் நான் போனது அதே ஊர் ரோஜா முத்தையாவை நினைத்து. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைக் கோட்டையூரில் சேர்த்து வைத்திருந்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. யாரும் சம்பளம் கொடுத்து அவரைச் சேர்க்கச் சொல்லவில்லை. இன்று அதை வைத்து எத்தனை பேர் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள்! நைரோபியிலும் கூடைக்காரியின் வீட்டில் பழைய பின்னல் மாதிரிகள் இருக்கும். அவற்றைப் பெயரோடு எழுதி வைத்து, ஒரு படி அந்த ஊரிலேயே இருக்கும்படி செய்ய முடிந்தால், உன் இரண்டு வருடம் வீண் இல்லை.

திண்ணையிலிருந்து கிளம்பும்போது நடந்ததை எழுதி முடிக்கிறேன். மூத்தவர் கூடையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இத முடைஞ்ச பொம்பளைக்கு எவ்வளவு கொடுத்தாங்க?” என்று கேட்டார்.

நான் சந்தையில் வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கியது. நான் கொடுத்த விலை நினைவிருக்கிறது. அவளுக்குப் போனது எவ்வளவு என்று அன்று நான் கேட்கவே இல்லை. தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஈரத்துணிக்குள்ளிருந்து அடுத்த நறுக்கை உருவினார்.

நீ போனால் அதை விசாரித்து எழுது. இந்தப் பெண்களின் கிராமத்துப் பெயரை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். கியொண்டோவை அவர்களிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், சுற்றிச் சுற்றி வரும் அந்த அடியை ஓலையில் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்புடன்,
உன் அக்கா